ஆட்டத்திற்கு இசைதல்: காணொளி விளையாட்டின் பல்லிய இசையும் சப்ரகமுவத் தோட்டங்களின் தப்பிசையும்

இசை நுகர்ச்சி பற்றித் தமிழில் இதுகாறும் எழுந்த எழுத்துக்களிற் பெரும்பாலானவை கச்சேரி மேடையையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. பாடுவோர் ஒருபுறமும் கேட்போர் மறுபுறமும் அமர்ந்திருக்க, கேட்டலன்றி வேறு தொழில் எதுவும் கேட்போருக்கு இல்லாத சூழ்நிலையே இசையின் இயல்பான சூழ்நிலை என்று எண்ண நாம் பழகிவிட்டோம். ஆயின் மனித வரலாற்றில் ஒலித்த இசையின் பெரும்பகுதி அவ்வாறு கேட்கப்பட்டதன்று. நாற்று நடுகையிலும், தொட்டிலை ஆட்டுகையிலும், பிணத்தின் முன் நடக்கையிலும், சாமி ஆடுகையிலும் ஒலித்த இசையே அளவிற் பெரிது. அங்கெல்லாம் கேட்போரின் கையும் காலும் வேறொரு கருமத்தில் ஈடுபட்டிருந்தன. இசை அக்கருமத்தோடு இணைந்து நின்றது. இத்தகைய இசையை மதிப்பிடுவதற்கான அளவுகோல்களை நமது திறனாய்வு இன்னும் போதியளவு வகுத்துக்கொள்ளவில்லை.

இக்குறையைக் கருத்திற் கொண்டு, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன போலத் தோன்றும் இரு இசை வகைகளை இக்கட்டுரையில் ஒருங்கே நோக்குவோம். ஒன்று, காணொளி விளையாட்டுக்களுக்கென அமைக்கப்படும் பல்லிய இசை. மற்றையது, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் காமன் கூத்துக்கும் பிற நிகழ்ச்சிகளுக்கும் ஒலிக்கும் தப்பிசை. இவ்விரண்டும் இன்று ஒரே லயத்து முற்றத்திற் கேட்கின்றன. இளைஞர் கையிலுள்ள தொலைபேசியில் முன்னையது ஒலிக்கிறது. மாசி மாதத்தில் முற்றத்திற் பின்னையது ஒலிக்கிறது. முன்னையதை நவீனம் என்றும் பின்னையதைத் தீட்டுக்குரியது என்றும் கருதும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. இந்த மனப்பாங்கு இசையின் தன்மையிலிருந்து பிறந்ததா, சமூக உறவுகளிலிருந்து பிறந்ததா என்பதே நம்முன் உள்ள வினா.

1. சொற்கள் சில

பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் பல்லியம் என்றனர். இயம் என்பது இசைக்கருவி. சங்கப் புலவர் வரிசையில் நெடும்பல்லியத்தனார், நெடும்பல்லியத்தை என்னும் பெயர்கள் காணப்படுவது இச்சொல்லின் பழமையைக் காட்டும். மேனாட்டு வாத்தியக் குழுவைக் குறிக்கவும் இச்சொல் பொருந்தும். தப்பும் உறுமியும் மத்தளமும் கூடிய தோட்டத்துக் குழுவைக் குறிக்கவும் பொருந்தும். ஒரே சொல்லால் இரண்டையும் நாம் இங்கு சுட்டுவது ஒப்பீட்டுக்கு வசதியாகும்.

ஆட்டம் என்ற சொல்லும் கருதத்தக்கது. தமிழில் பந்தும் ஆடப்படுகிறது, கூத்தும் ஆடப்படுகிறது, சாமியும் ஆடுகிறது. விதிக்கு உட்பட்டு நின்று, உடலால் ஈடுபட்டு, அன்றாடத்தினின்று வேறான ஒரு வெளியிற் செயற்படுதல் என்ற பொது இயல்பு இவையனைத்திலும் உண்டு. ஒல்லாந்த வரலாற்றாசிரியரான யோஹான் ஹுயிசிங்கா 1938 இல் வெளியிட்ட தமது நூலில் விளையாட்டைப் பண்பாட்டின் ஊற்றாகக் கண்டார். எனினும் அவர் விளையாட்டை உழைப்பினின்றும் நலன்களினின்றும் பிரித்தே வைத்தார். அப்பிரிவினையை நாம் ஏற்பதற்கில்லை. கார்ல் பூஹர் 1896 இல் உழைப்பும் தாளமும் பற்றி எழுதியதிலிருந்து ஜோர்ஜ் தொம்சனின் ஆய்வுகள் வரை, தாளத்தின் வேர் கூட்டுழைப்பில் உள்ளது என்ற கருத்து வளர்ந்து வந்துள்ளது. தொம்சனிடம் பேர்மிங்ஹாமிற் பயின்ற கைலாசபதி வழியாக அக்கருத்து ஈழத்துத் திறனாய்வில் வேரூன்றியதை நாம் அறிவோம்.

2. காணொளி விளையாட்டில் இசை அமைந்த வரலாறு

காணொளி விளையாட்டின் இசை வறிய தொடக்கத்தையுடையது. 1978 இல் யப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டில் நான்கே தாழ்ந்த சுரங்கள் இடையறாது திரும்பத் திரும்ப ஒலித்தன. திரையில் இறங்கிவரும் பகைவர் கூட்டம் நெருங்க நெருங்க அந்நான்கு சுரங்களின் கதியும் விரைந்தது. இசைச் செழுமை என்று சொல்ல இதில் ஏதுமில்லை. ஆயினும் அடிப்படையான ஒரு புதுமை இங்கு நிகழ்ந்துவிட்டது. இசையின் காலம் இசையமைப்பாளரின் கையினின்று நழுவி, ஆட்டத்தின் போக்குக்கு உட்பட்டது. ஆடுபவர் அச்சத்தோடு கேட்ட வேகம் அவரது ஆட்டத்தின் நிலையினாலேயே உண்டான வேகமாகும்.

பல்லிய இசை இத்துறையினுட் புகுந்தமைக்கு 1986 இல் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' முக்கிய சான்று. அதன் இசையமைப்பாளர் கொயிச்சி சுகியாமா மேனாட்டுச் செவ்வியல் இசை மரபை விளையாட்டின் சின்னஞ்சிறு ஒலிச் சில்லுக்குள் அடக்கினார். மறு ஆண்டே அவ்விசை தோக்கியோவில் வாத்தியக் குழுவினரால் மேடையில் இசைக்கப்பட்டது. 2021 இல் தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அதே விளையாட்டின் முகப்பிசையோடு தொடங்கியது. 2005 இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டின் நான்காம் பாகத்துக்கு கிறிஸ்தோபர் டின் அமைத்த சுவாகிலி மொழிப் பாடல் 2011 இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்கென அமைக்கப்பட்ட இசையொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 2023 இலிருந்து அவ்விருதில் விளையாட்டு இசைக்கெனத் தனிப்பிரிவே உண்டு.

விருதுகளைவிட நுட்பத்தின் வளர்ச்சியே நமக்கு முதன்மையானது. 1991 இல் லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கல் லேண்ட், பீட்டர் மக்கொனெல் ஆகிய இருவரும் ஆட்டத்தின் போக்குக்கேற்ப இசை தானே மாறும் ஒரு முறைமையை வகுத்தனர். அதன்பின் இரு வழிகள் நிலைபெற்றன. ஒரு வழியில், ஒரே இசைப்பகுதி பல அடுக்குகளாகப் பதிவுசெய்யப்படுகிறது. அமைதியில் நரம்புக் கருவிகள் மட்டும் ஒலிக்கும். ஆபத்து நேர்கையில் அதன்மேல் முழவு ஏறும். போர் மூள்கையில் ஊதுகருவிகள் ஏறும். ஆபத்து நீங்கியதும் அவை ஒவ்வொன்றாக இறங்கும். மறு வழியில், இசை சிறு சிறு துண்டுகளாக அமைக்கப்படுகிறது. ஆடுபவர் ஓரிடத்தில் தாமதித்தால் ஒரு துண்டு திரும்ப வரும். அவர் அடுத்த இடத்துக்கு அடியெடுத்து வைத்ததும் பொருத்தமான இணைப்பின் வழியே அடுத்த துண்டு தொடங்கும். ஆகவே இசையமைப்பாளர் முடிந்த பாடல் ஒன்றை எழுதுவதில்லை. நிகழக்கூடிய பல பாடல்களுக்கான விதிகளை எழுதுகிறார்.

இம்முறைமையின் கலைப்பயனை உணர 'ஜேர்னி' என்னும் விளையாட்டு சிறந்த எடுத்துக்காட்டு. பயணம் எனப் பொருள்படும் பெயர்கொண்ட இவ்விளையாட்டு 2012 இல் வெளிவந்தது. அங்கி தரித்த உருவம் ஒன்று பாலைவனத்தைக் கடந்து தொலைவிலுள்ள மலையுச்சியை நோக்கிச் செல்கிறது. வழியில் உலகின் எங்கோ ஒரு மூலையில் இருந்து ஆடும் முகமறியாத இன்னொருவர் எதிர்ப்படலாம். இருவருக்குமிடையே பேச்சு இல்லை. ஓசை எழுப்பி ஒருவரையொருவர் அழைக்கலாம், அவ்வளவே. ஒஸ்டின் வின்டோரி அமைத்த இசையில் பயணியின் குரலாக செல்லோ என்னும் நரம்புக் கருவி தனித்து ஒலிக்கிறது. தொடக்கத்தில் அது பாடும் ஒரு சிறு கருத்தே பின்னர் வரும் இசை முழுவதற்கும் வித்தாகிறது. புல்லாங்குழலும் யாழை ஒத்த ஹார்ப்பும் வயோலாவும் நிகழ்ச்சிகளுக்கேற்ப அதனோடு சேர்கின்றன, விலகுகின்றன. பனிமலைச் சரிவில் பயணியின் ஆற்றல் குன்றக் குன்ற இசையும் மெலிந்து அற்றுப்போகிறது. அவ்வமைதியின் பின்னரே முழுப் பல்லியமும் எழுகிறது. தனிக்குரலாக நின்ற செல்லோ இப்போது கூட்டத்தின் நடுவே பாடுகிறது. தனிமனிதன் கூட்டத்தைச் சேரும் இக்கருத்தை எந்தச் சொல்லும் கூறவில்லை. கருவிகளின் சேர்க்கையே அதனைக் கூறிவிடுகிறது. இவ்விசையைத் தனியே ஒலித்தட்டிற் கேட்பவர் அழகிய இசையொன்றைக் கேட்பார். ஆடிக்கொண்டே கேட்பவரோ தமது தயக்கமும் விரைவும் இசையாக மாறுவதைக் கேட்பார்.

3. தோட்டத்துத் தப்பு

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1889 இல் தனி மாகாணமாக்கப்பட்ட சப்ரகமுவவில் கோப்பிக்குப் பின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இறப்பரும் பரவின. நுவரெலியாவைப் போல இங்கு தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடப்பதில்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எகலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எனச் சிங்களக் கிராமங்களுக்கிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. கங்காணிமார் தமிழகக் கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்தபோது தப்பும் உடன் வந்தது. அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரிற் சாதித் தொழிலாக அவர்கள்மேற் சுமத்தப்பட்டிருந்த தப்படிப்பு, தோட்டத்திற் கூலித் தொழிலுக்கு மேலதிகமான சுமையாகவும் உரிமையாகவும் தொடர்ந்தது.

கருவியின் இயல்பை முதலில் நோக்குவாம். வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்து, தோளிற் தொங்கவிட்டு, ஒரு கையில் தடித்த குறுங்குச்சியும் மறுகையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிப்பது தப்பு. தடித்த குச்சி ஆழ்ந்த ஓசையையும் மெல்லிய குச்சி வெடித்த ஓசையையும் தரும். அடிப்பதற்கு முன் சருகு மூட்டி அனலிற் காய்ச்சித் தோலை இறுக்குவர். சப்ரகமுவ நாட்டின் மிகுந்த மழையைப் பெறும் பகுதிகளுள் ஒன்று. ஈரக்காற்றிற் தோல் விரைவிற் தளரும், ஓசை கீழிறங்கும். ஆதலின் இடையிடையே ஆட்டத்தை நிறுத்தி நெருப்பருகே செல்லவேண்டியிருக்கும். கூத்தின் இடைவேளையையும் இரவின் நீளத்தையும் ஓரளவுக்கு மழையே வகுத்தது எனலாம். செயற்கைத் தோல் போர்த்த தப்புகள் இன்று புழக்கத்துக்கு வந்திருப்பதால் இந்நிலை மாறி வருகிறது. ஆயினும் காய்ச்சிய தோலின் ஓசைக்கு அவை ஈடாகா.

காமன் கூத்து மலையகத் தோட்டங்களின் பெருங்கூத்து. மாசி மாதத்து அமாவாசையின்பின் மூன்றாம் பிறையளவில் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றுவர். பௌர்ணமியளவில் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு கூத்து உச்சம் பெறும். இடைப்பட்ட நாட்களில் ரதியும் மன்மதனும் லயம் லயமாகச் செல்வர். தூதன், வீரபத்திரன், காளி முதலியோர் தோன்றுவர். நடிப்போர் தோட்டத் தொழிலாளர், பார்ப்போரும் அவர்களே. பார்ப்போர் எவரும் வெறும் பார்வையாளராக நிற்பதில்லை. ரதியின் கலியாணத்துக்கு அவர்கள் உறவினர். மன்மதனின் சாவுக்கு அவர்கள் துக்கம் காப்போர்.

இக்கூத்தின் இசை முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட நீளமுடையதன்று. பாத்திரத்தின் வருகைக்கு உரிய அடி உண்டு. ரதி மன்மதன் உலாவில் அசைந்து செல்லும் நடை. வீரபத்திரன் வருகையிற் குமுறும் விரைவு. ஆனால் எத்தனை முறை ஓரடியைத் திருப்பி அடிப்பது, எந்தக் கணத்தில் அடுத்த அடிக்கு மாறுவது என்பனவற்றைத் தப்படிப்போர் ஆட்டக்காரரின் காலைப் பார்த்தே தீர்மானிப்பர். ஆட்டக்காரர் களைத்தால் அடி தளர்ந்து அவருக்கு மூச்சுவிட இடங்கொடுக்கும். அருள் வரும் அறிகுறி தென்பட்டால் அடி நெருங்கி அவரை ஏற்றும். உறுமியின் இழைந்த முனகல் ஓரிடத்திற் சேரும், பிறிதோரிடத்தில் விலகும். காமன் எரியும் வேளையில் எல்லாக் கருவிகளும் ஒருசேர முழங்கியபின், ரதியின் ஒப்பாரிக்கு அவை இடம்விட்டு ஒதுங்கும். அப்போது எழும் அமைதியும் இசையின் பகுதியே.

4. ஒப்புமையும் வேறுபாடும்

மேலே கூறியவற்றை அருகருகே வைத்து நோக்கின் ஒப்புமை தெளிவாகும். ஓர் அடியைத் தேவைப்படும்வரை திருப்பி அடித்து, சைகை கிடைத்ததும் அடுத்த அடிக்கு மாறுவது, துண்டுகளை இணைக்கும் முறைமையாகும். தப்பின்மேல் உறுமியும், உறுமியின்மேற் குலவையும் கூட்டத்தின் கூச்சலும் ஏறுவது, அடுக்கும் முறைமையாகும். கணினிப் பொறியாளர் 1991 இற் கண்டதை நம்மவர் முன்பே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவது நமது நோக்கமன்று. அத்தகைய பழம்பெருமை ஆய்வுக்கு உதவாது. இரு வேறு உற்பத்தி முறைகளில், இரு வேறு காலங்களில், ஒரே கலைச் சிக்கல் எழுந்தது. அதாவது, எப்போது முடியும் என்று அறியமுடியாத ஒரு செயலுக்கு எவ்வாறு இசை அமைப்பது என்ற சிக்கல். சிக்கல் ஒன்றாக இருந்தமையால் தீர்வுகளும் ஒத்தன.

வேறுபாடு இதனினும் ஆழமானது. விளையாட்டில் ஆடுபவரைக் கவனிப்பது யார்? எவருமில்லை. முன்னரே எழுதப்பட்ட நிரல் அவரது செயலை அளந்து, முன்னரே பதிவான ஒலியை எடுத்துத் தருகிறது. வாத்தியக்காரர் ஒருமுறை இசைத்துக் கூலி பெற்றுச் சென்றுவிட்டார். அவரது உழைப்பு உறைந்து, கோடி முறை விற்கப்படும் பண்டத்தினுள் அடங்கிவிட்டது. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்று குறித்தது இதனையே. இங்கு அது ஒரு விந்தையான வடிவம் பெறுகிறது. இறந்த உழைப்பு உயிருள்ளது போல நமக்கு மறுமொழி கூறுகிறது. நமது தயக்கத்துக்குத் தானும் தயங்குகிறது. தப்பிசையிலோ கவனிப்பவர் உயிருள்ள மனிதர். தாமும் களைப்பவர், காலையிற் பெரட்டுக்குச் செல்லவேண்டியவர், ஆட்டக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர். ஆட்டத்துக்கும் இசைக்கும் இடையிலுள்ள உறவு, இருவருக்கிடையே ஏற்கெனவே உள்ள வாழ்வுறவின் தொடர்ச்சியாகவே இருக்கிறது.

பல்லிய இசையின் உற்பத்தியும் கூலிப் பிரச்சினைக்கு அப்பாற்பட்டதன்று. 'ஜேர்னி'யின் வாத்தியக் குழு இசை மசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்பியேயிற் பதிவுசெய்யப்பட்டது. சோசலிச அரசுகள் வீழ்ந்தபின், அவை வளர்த்துவிட்ட தேர்ந்த வாத்தியக் குழுக்கள் பிராக், புடாபெஸ்ட் முதலிய நகரங்களில் திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் ஒப்பீட்டளவிற் குறைந்த செலவில் இசைத்துத் தரும் குழுக்களாயின. ஓரிடத்தில் வளர்ந்த திறமை பிறிதோரிடத்து மூலதனத்தால் மலிவாகப் பெறப்படுகிறது. பெருந்தோட்டப் பொருளாதாரத்தை அறிந்த நமக்கு இவ்வொழுங்கு புதிதன்று. அவ்விசையின் அழகை இவ்வுண்மை குறைத்துவிடாது. ஆனால் அவ்வழகின் பின்னே யார் நின்று வில் இழுத்தனர் என்று கேட்கும் கடமையை அது நமக்கு உணர்த்தும்.

5. ஏவும் இசை

செயலோடு இணைந்த இசை எப்போதும் செயற்படுவோரின் நன்மைக்கே அமையும் என்று கருதிவிடலாகாது. தோட்டத்திற் தப்பு, கூத்துக்கும் சாவுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஒலித்ததன்று. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. இறப்பர் மரத்திற் பால் நன்கு வடிவது குளிர்ந்த அதிகாலையிலாதலின், இறப்பர்த் தோட்டங்களில் அவ்வழைப்புக்குத் தனிக் கடுமை இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய, சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய கவிதை, விடியலைக் கலைக்கும் அம்முழவோசையுடனேயே தொடங்குவது தற்செயலன்று. மணிக்கூட்டின் காலம் உழைப்பாளர் உடலிற் புகுத்தப்பட்ட வரலாற்றை ஈ. பி. தொம்சன் 1967 இல் இங்கிலாந்தை வைத்து விளக்கினார். நமது தோட்டங்களில் அக்காலத்தைப் புகுத்திய கருவி நமது சொந்தத் தோற்கருவியே. ஊரிற் கூத்துக்குக் கூட்டிய ஓசையைத் துரைத்தனம் வேலைக்குக் கூட்டும் ஓசையாக்கிக் கொண்டது. ஒரே கை, ஒரே தோல், ஒரே குச்சி. உறவுகள் மாறியபோது பொருளும் மாறிற்று.

காணொளி விளையாட்டின் இசையையும் இவ்வொளியில் நோக்கவேண்டும். ஆடுபவரை ஆட்டத்தினின்று எழவிடாது பிடித்து வைத்தல் அதன் வணிகப் பயன்களுள் ஒன்று. சிறு வெற்றிக்கும் ஒரு முழக்கம், தோல்விக்கு மறுமுறை முயலத் தூண்டும் ஒரு மெட்டு, இடையறாத ஓட்டம் இவையெல்லாம் கணக்கிட்டு அமைக்கப்படுவன. ஹான்ஸ் ஐஸ்லரும் தியோடர் அடோர்னோவும் திரைப்பட இசை பற்றி எழுதி 1947 இல் வெளிவந்த நூல், படத்தைப் பின்பற்றி அதனை மெழுகி மறைக்கும் இசையைக் கண்டித்தது. காட்சியோடு முரண்பட்டு நின்று சிந்திக்கத் தூண்டும் இசையையே அவர்கள் வேண்டினர். அவர்தம் கண்டனம் விளையாட்டு இசைக்கும் பெரிதும் பொருந்தும். எனினும் ஒரு திருத்தம் வேண்டும். திரையரங்கிற் பார்ப்பவர் இருந்த இடத்தில் இருப்பவர். விளையாட்டில் ஆடுபவர் தாமே முடிவெடுப்பவர். அவர் ஓரிடத்தில் வேண்டுமென்றே நின்று, இசை தம்மை எங்கு தள்ள முயல்கிறது என்று கேட்க முடியும். இவ்வாறு நின்று கேட்பதே திறனாய்வின் தொடக்கம்.

6. மதிப்பின் சமூக அடிப்படை

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை காணலாம். இரண்டும் செயலோடு இணைந்த இசை. இரண்டும் திரும்ப வரும் அடியையும் ஏறி இறங்கும் அடுக்கையும் கொண்டவை. ஆயின் ஒன்று உலக மேடைகளில் ஏறுகிறது. மற்றையது கோயிலின் வெளிவீதியில் நிறுத்தப்படுகிறது. இவ்வேற்றுமைக்கு இசையினுள்ளே காரணம் தேடிப் பயனில்லை.

சப்ரகமுவ இதற்கு ஓர் அருமையான சான்றை அருகிலேயே தருகிறது. இரத்தினபுரிச் சமன் தேவாலயத்தை ஒட்டி வளர்ந்த சப்ரகமுவ நடன மரபின் முதன்மைத் தோற்கருவி தவுல். தமிழரின் தவிலோடு பெயரொற்றுமை உடையது அது. அதனை முழக்கியோரும் சிங்களச் சாதியமைப்பில் தாழ்த்தி வைக்கப்பட்டோரே. ஆயினும் சுதந்திரத்தின் பின் தேசியப் பண்பாட்டைக் கட்டியெழுப்பும் முயற்சியில் கண்டிய நடனம், கரையோர நடனம் என்பவற்றோடு சப்ரகமுவ நடனமும் மூன்றாவது மரபாக ஏற்கப்பட்டு, பாடசாலை வரை சென்றது. தமிழ் மொழிமூலக் கல்வியில் அவ்விடத்தைப் பரதநாட்டியமும் கர்நாடக இசையும் பெற்றன. ஒரே மாவட்டத்தில், ஒரு மலைச்சரிவின் இரு பக்கங்களில் ஒலித்த இரு தோற்கருவிகளுள் ஒன்று பாடநூலேறியது. மற்றையது லயத்தில் நின்றுவிட்டது. சிங்களப் பேரினவாத அரசை மட்டும் இதற்குக் குற்றஞ்சாட்டித் தப்பிக்க முடியாது. தமிழ்ப் பண்பாடு எது என்று தீர்மானித்த தமிழ் மேட்டுக்குடியினருக்கும் இதிற் பங்குண்டு.

அரசியல் வரலாறும் இக்கலையை நேரடியாகத் தாக்கியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தப்புக் குழு என்பது நான்கைந்து பேரின் பல்லாண்டுப் பழக்கம். ஒருவரது காலைப் பார்த்து மற்றவர் கை அசையும் பழக்கம் அது. லயங்கள் பிரிக்கப்பட்டபோது அப்பழக்கமும் பிரிந்தது. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களில், சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடந்த சப்ரகமுவத் தோட்டத்தவர் தனித்து அகப்பட்டனர். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்ற மலையகக் குடும்பங்கள் வேறு மண்ணில் வேறு தொழிலைத் தொடங்கவேண்டியதாயிற்று.

இவற்றோடு இன்னொரு முரண்பாட்டையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். தப்படிக்க மறுத்தல் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சாதியெதிர்ப்புப் போராட்டத்தின் வடிவங்களுள் ஒன்றாயிருந்தது. பிணத்தின்முன் அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உள்ளவரை, தப்பைக் கீழே வைப்பதே மானமுள்ள செயல். அவ்வாறு வைத்தவரிடம் சென்று கலையைக் காக்கும்படி உபதேசிப்பது, சுரண்டலைக் காக்கும்படி உபதேசிப்பதாகும். அதேவேளை தமிழகத்தில், கடந்த சில பதிற்றாண்டுகளில், அடிமைத் தொழிலாக இருந்த பறையை விடுதலைக் கருவியாக மீட்கும் இயக்கமும் எழுந்தது. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் பெண்கள் பறையை ஏந்தியபோது சாதி, பால் என்னும் இரு தடைகள் ஒருங்கே உடைந்தன. 2025 இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. மறுப்பும் மீட்பும் முரண்பட்டவை போலத் தோன்றினும், கட்டாயத்தை ஒழித்தல் என்ற ஒரே இயக்கத்தின் இரு கட்டங்களே அவை. அடிக்காதிருக்கும் உரிமை உறுதிப்பட்ட இடத்தில்தான் அடிப்பது கலையாகும்.

7. நுகரும் முறை

இறுதியாக, இத்தகைய இசையை எவ்வாறு நுகர்வது என்பதைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவதாக, இசையைச் செயலினின்று பிரித்து மதிப்பிடுதல் ஆகாது. திரும்பத் திரும்ப வருகிறது என்பது கச்சேரியிற் குறையாகலாம். ஆட்டத்திற் காத்திருத்தலின் வடிவம் அது. இரண்டாவதாக, எந்தக் கருவி எப்போது சேர்கிறது என்பதைவிட எப்போது விலகுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பனிமலையின் அமைதியும் காமன் எரிந்தபின் எழும் அமைதியும் அவ்வவ் ஆக்கங்களின் உச்சங்கள். மூன்றாவதாக, இசை நம்மைச் செயற்படத் துணைநிற்கிறதா, செயற்படுமாறு ஏவுகிறதா என்று வினவவேண்டும். கூத்துத் தப்புக்கும் பெரட்டுத் தப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கு நமக்கு என்றும் உரைகல்லாகும். நான்காவதாக, இசைத்தவர் யார், அவர் பெற்ற கூலி யாது என்னும் கேள்வியை நுகர்ச்சிக்குப் புறம்பானதாகக் கொள்ளலாகாது.

பல்கலைக்கழகத் தமிழாய்வுக்கு இங்கு உடனடிக் கடமைகள் உள. காமன் கூத்தின் பாடல்களை எழுத்திற் பதிந்தோர் உண்டு. அடிகளைப் பதிதல் அவ்வளவு நிகழவில்லை. பாட்டை ஏட்டிலேற்றி அடியை விட்டுவிடுவது, சொல்லுடையோரின் கலையை மட்டும் கலையாகக் கொள்ளும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே. சப்ரகமுவத் தோட்டங்களில் இன்னும் வாழும் மூத்த தப்புக் கலைஞர்களின் அடிகளை, அவர்களையே ஆசிரியராகக் கொண்டு, அவர்களுக்கு உரிய ஊதியம் அளித்து, ஆட்டக்காரரோடு சேர்த்தே ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்தல் வேண்டும். தனி அறையில் அமர்த்தி அடிக்கச் செய்து பதிந்தால் கிடைப்பது இசையின் பாதியே. தொலைபேசியிற் பல்லிய இசையைக் கேட்டு வளர்ந்த தோட்டத்து இளைஞர்கள் இப்பணிக்குத் தடையாகார். ஆட்டத்தோடு மாறும் இசையை ஏனைய பலரிலும் நுண்மையாகச் செவிமடுக்கப் பயின்றவர்கள் அவர்கள். அச்செவி லயத்து முற்றத்தின் பக்கமும் திரும்புமாயின், அதற்குத் தப்பொலியை விளக்கிச் சொல்ல வேறெவரும் வேண்டியதில்லை.